திங்கள், புதன், சனி

அந்தக் கால அட்டவணையை வகுத்தவர்கள் கோட்டைப்பட்டினத்தைப் பார்த்தவர்கள் அல்லர். வேலைக்குச் சென்றுகொண்டே மேலாண்மைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கென்று சென்னைப் பயிற்சி நிறுவனம் ஒன்று அதனைக் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தது. வார நாள்களில் விடியற்காலையில் இரண்டு மணி நேரம், இரவில் இரண்டு மணி நேரம். சனியும் ஞாயிறும் முழு நாள். ஞாயிறு காலையில் மாதிரித் தேர்வு. உலகத்தில் உழைக்கிறவர்கள் அனைவரும் திங்களன்று பையைத் தூக்கிக்கொண்டு போய், வெள்ளி மாலையில் விடுதலை பெற்று வந்துவிடுகிறார்கள் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ, தெரியவில்லை.

ரிஃபானா அந்த அட்டவணையைக் கடைப்பிடிக்கத்தான் முயன்றாள். அவள் தந்தை மீரா சாகிபுக்கு ஒரு விசைப்படகும் துறைமுகத்தில் ஒரு கம்பெனியும் இருந்தன. கம்பெனி என்றவுடன் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டா. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, ஒரு மின்தராசு, ஐஸ் உடைக்கும் பொறி, அடுக்கடுக்காய் நீலப் பெட்டிகள். கரையேறும் இறாலையும் நண்டையும் விலைக்கு வாங்கி, தரம் பிரித்து, ஐஸ் போட்டுத் தூத்துக்குடி ஏற்றுமதியாளருக்கு வண்டியேற்றிவிடும் கொட்டகைக்குத்தான் அந்த ஊரில் கம்பெனி என்று பெயர். பி.காம். முடித்து வந்த நாளிலிருந்து அதன் எடை, தரம், கணக்கு, தூத்துக்குடியோடு பேசும் பேச்சு ஆகிய அனைத்தும் ரிஃபானாவின் தலையில்தான். வீட்டுப் பெண் என்பதால் அதை வேலை என்று யாரும் சொன்னதில்லை. அவள் தம்பி ஷாகிர் கல்லூரியை முடித்துவிட்டு வளைகுடா விசாவுக்குக் காத்திருந்தான். காத்திருப்பது மட்டும் அந்த வீட்டில் வேலையாகக் கருதப்பட்டது.

இந்தப் படிப்பின் ஆசை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஊரில் பலர் வியந்தார்கள். வியக்க ஒன்றுமில்லை. சென்ற ஆண்டு தூத்துக்குடியிலிருந்து கொள்முதல் மேலாளர் என்று ஓர் இளைஞர் வந்தார். இறாலைக் கையால் தொடாமலே, கைப்பேசியைத் தடவி அன்றைய விலையைச் சொன்னார். முந்திய வாரத்தைவிட இறால் பெரியது, விலையோ சிறியது. அந்த விலையை யார், எதைக்கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்று ரிஃபானா கேட்டாள்.

“அதெல்லாம் எம்.பி.ஏ. படிச்சாத்தாங்க புரியும்” என்று சிரித்துவிட்டு அவர் காரில் ஏறிக்கொண்டார்.

அவர் கேலியாகச் சொன்னதை அவள் முகவரியாக எடுத்துக்கொண்டாள்.

பயிற்சி நிறுவனம் அவளுக்கென்று ஒரு வழிகாட்டியை அமர்த்தியிருந்தது. சிவபிரகாஷ் என்று பெயர். முகம் தெரியாத, ஆனால் நல்ல உள்ளம் உடைய குரல். அட்டவணை ஏன் பாதியில் நிற்கிறது என்று அவர் கேட்டார்.

“காலைல அஞ்சு மணிக்கு எழுந்திரிங்க மேடம். மைண்டு பிரஷ்ஷா இருக்கும்.”

“அஞ்சு மணிக்கு நான் எறா எடை போட்டுக்கிட்டு இருப்பேங்க.”

“அப்ப வீக்எண்டுல சேத்து வச்சுப் படிச்சிடலாம்.”

“ஞாயித்துக்கெழமதாங்க எங்களுக்குப் பெரிய மீன்பாடு. அன்னிக்குக் கை கழுவக்கூட நேரம் இருக்காது.”

“அப்ப ஒங்களுக்கு லீவுதான் எப்ப?” என்றார் சிவபிரகாஷ்.

“போட்டு கடலுக்குப் போற அன்னிக்கு” என்றாள் ரிஃபானா. சொன்ன பிறகுதான் அது விடை என்பது அவளுக்கே புலப்பட்டது.

அந்தக் கரையின் வாரம் வேறு. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் காலையில் கடலுக்குப் போகும். மறுநாள் விடியலில் கரை சேரும். கரை சேரும் செவ்வாய், வியாழன், ஞாயிறுகளில் துறைமுகம் அலறும். படகு போன நாள்களிலோ, டீசல் வண்டியும் ஐஸ் வண்டியும் திரும்பிய பிறகு, ஒரு காக்கையும் இரண்டு நாயும்தான் அங்கே மிஞ்சும். ரிஃபானா சென்னை அட்டவணையை அழித்துவிட்டுத் தனக்கென்று ஒன்றை எழுதினாள். திங்கள், கணக்கு. புதன், ஆங்கில வாசிப்பு. சனி, தருக்கப் புதிரும் மாதிரித் தேர்வும். மற்ற நாள்கள் கம்பெனிக்கும் வீட்டுக்கும். கிழமைப் பெயரை விட்டுவிட்டு ‘போட்டு போகும் நாள்’ என்றே அதற்குத் தலைப்பிட்டாள்.

நேரத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று. அதைக் காப்பது வேறொன்று. படிக்கிற பெண் சும்மா இருக்கிற பெண் என்பது நம் வீடுகளின் அசையாத நம்பிக்கை. புத்தகத்தை விரித்தால், வெங்காயம் உரிக்கக் கூப்பிடுவார்கள். பூட்டிய கதவைத் தட்டி, கதவை ஏன் பூட்டினாய் என்று கேட்பார்கள். ஆனால் அந்த ஊரில் யாராலும் மீற முடியாத வழக்கம் ஒன்று இருந்தது. கடலுக்குப் போனவனை எதற்காகவும் கூப்பிடக்கூடாது. ஜமாஅத்தில் வழக்கு என்றாலும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்து என்றாலும், சம்பந்தம் பேச ஆள் வந்தாலும், வாசலில் நின்று ‘அவுக கடலுக்குப் போயிருக்காக’ என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் போதும். வந்தவர் உட்காராமலே திரும்பிவிடுவார். ஏன், எப்போது என்ற கேள்விகள் எழா.

அந்த வழக்கத்தை மகளுக்கு வாங்கிக் கொடுத்தவள் தாய் ரசியா பேகம்தான். மீரா சாகிபின் தங்கை ஜுலைகா ஒரு திங்கட்கிழமை நண்பகலில் வந்து, அண்ணன் மகளைத் தன் வீட்டுக்குக் கறி நறுக்க அனுப்பச் சொன்னாள்.

“அவ கடலுக்குப் போயிருக்கா மதினி” என்றாள் ரசியா பேகம், முகத்தில் ஒரு சுருக்கமும் இன்றி.

“மாடியில ஃபேன் ஓடுற சத்தம் கேக்குது?”

“அந்தக் கடல்ல காத்து கம்மி. அதான் போட்டுருக்கா.”

ஜுலைகா வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாள். தெருவுக்கே அந்தச் சொல் பிடித்துவிட்டது. மீரா சாகிபும் முதலில் சிரித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். போட்டு போகிற நாள் என்னுடையது, மற்ற நாள் உங்களுடையது என்று ரிஃபானா பேரம் முடிக்க, அவர் தலையசைத்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்த ஆனி மாதத்திலிருந்து ஐப்பசி வரையில் அந்த ஏற்பாடு பழுதின்றி நடந்தது. செவ்வாயன்று நண்டின் கொடுக்கு கீறிய விரலோடு அவள் எடை எழுதினாள். புதனன்று அதே விரலால் பக்கம் புரட்டினாள். மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் ஏறிவந்தது. சிவபிரகாஷ் மற்ற மாணவர்களுக்கு அவளை எடுத்துக்காட்டாகச் சொல்லத் தொடங்கினார்.

பிறகு மழை வந்தது.

வங்கக் கடலில் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றழுத்தம். மீன்வளத் துறை டோக்கனை நிறுத்தியது. டோக்கன் இல்லாமல் எந்த விசைப்படகும் கடலுக்குப் போகக்கூடாது. திங்கள் வந்தது, படகு போகவில்லை. புதன் வந்தது, போகவில்லை. சனியும் அவ்வாறே கழிந்தது. படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு துறையில் கிடந்தன. ஆண்கள் அனைவரும் வீட்டில் இருந்தார்கள். மீரா சாகிபு காலை முதல் மாலை வரையில் வானிலை அறிக்கையை உரக்க வைத்துக் கேட்டார். படகு ஆள்கள் வலை கட்ட வந்து முற்றத்துத் தார்ப்பாயின் அடியில் அமர்ந்தார்கள்; அவர்களுக்குத் தேநீர், பிறகு ஆளுக்கொரு தட்டில் கஞ்சி, மறுபடியும் தேநீர். மாடியறை ஒழுகியது. ரிஃபானா புத்தகத்தோடு அமர்ந்தால், படகு கரையில்தானே கிடக்கிறது, நீயும் கரையில்தானே இருக்கிறாய் என்று ஆளாளுக்கு அழைத்தார்கள். யாரும் கொடுமைக்காரர்கள் அல்லர். அவள் வகுத்த விதியை அவளிடமே, அவள் சொன்னபடியே, நேர்மையாகக் கடைப்பிடித்தார்கள்.

பிழை தன்னுடையது என்பதை அவள் ஒழுகும் கூரைக்கு அடியில் வாளி வைத்துக்கொண்டே உணர்ந்தாள். உள்ளூர் வழக்கத்தை நம்பித் தன் நேரத்தைக் கொண்டுபோய்ப் படகின் கயிற்றில் கட்டியது அவள் கைதான். தேர்வு நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்று கோடையிலேயே தெரியும். நவம்பரில் கடல் அடைபடும் என்பது அந்த ஊரில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. மாதிரித் தேர்வில் மதிப்பெண் சரிந்தது. சிவபிரகாஷ் மூன்று குறுஞ்செய்தி அனுப்பினார்; நான்காவதை அனுப்பவில்லை.

ஒரு நாள் காலை அவள் கம்பெனிச் சாவியை எடுத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், மழையில் நடந்தாள். கொட்டகைக்குள் சென்று உள்ளே தாழிட்டாள். கழுவிக் காய்ந்த தரையிலும் இறால் வாடை போகவில்லை. நீலப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்து, மற்றொன்றை மேசையாக்கிப் புத்தகத்தை விரித்தாள். தகரத்தில் மழை விழும் ஓசை, கூப்பிடுகிற எந்தக் குரலையும் விழுங்கிவிட்டது. அன்று அவள் படித்ததுபோல் அந்த மாதம் முழுவதும் படிக்கவில்லை.

நண்பகலில் கதவு தட்டப்பட்டது. திறந்தாள். குடை பிடித்தும் நனைந்துபோன மீரா சாகிபு நின்றார்.

“வீட்டுல பொண்ணு பாக்க வந்துருக்காக. நீ இங்கிட்டு வந்து ஒக்காந்துருக்க.”

“யாரு வரச் சொன்னா அத்தா?”

“ஜுலைகா கூட்டியாந்துருக்கா. அம்மாபட்டினத்து ஆளுக. மழ நாளு, எல்லாரும் வீட்டுலதான் இருப்பாகன்னு வந்துட்டாக. வா, வந்து ஒரு எட்டு முகத்தக் காட்டிட்டு வந்து படி.”

“வர மாட்டேன்.”

“போட்டுதான் போகலயே.”

“போட்டு போகலன்னா நான் சும்மா இருக்கேன்னு அர்த்தமா?”

“நீதானம்மா அப்படிச் சொன்ன. போட்டு போற நாளு ஒன்னோடது, மத்த நாளு எங்களோடதுன்னு. நான் பேச்சு மாறல.”

“ஆமா, நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். இப்ப மாத்திச் சொல்றேன். மத்தியானம் லுஹர்லேருந்து அந்தி மஃரிப் வரைக்கும் என் நேரம். போட்டு போனாலும் போகாட்டியும் என் நேரம். மழ பேஞ்சாலும், புயல் அடிச்சாலும், மாப்ள வந்தாலும்.”

கடலில் எத்தனையோ காற்றுக்கு முகம் கொடுத்த மனிதர் அவர். மகளின் முகத்துக்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல் குடையை மடக்கினார். மழையில் நிற்பது நினைவுக்கு வந்து, மறுபடியும் விரித்தார். பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் வட்டலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, பெண்ணின் நிழற்படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜுலைகா அதன்பின் சில நாள்கள் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதுவும் படிப்புக்கு நல்லதாயிற்று.

தேர்வுக்கு முந்திய வெள்ளியன்று வானம் வெளுத்தது. சனிக்கிழமைக்கு டோக்கன் கொடுப்பதாக அறிவிப்பு வந்தது. துறைமுகம் திருவிழாக் கோலம் கொண்டது. புயல் கலக்கிய கடலில் இறால் குவியும் என்பது அனைவருக்கும் தெரியும். ஐஸ் கட்டிகளை ஏற்றிக்கொண்டு, சனிக்கிழமை காலையில், படகுகள் வரிசை வரிசையாகப் புறப்பட்டன. அவை ஞாயிறு விடியலில் திரும்பும். அதே ஞாயிறு நண்பகலில் ரிஃபானாவுக்குத் திருச்சியில் தேர்வு. விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்தாக வேண்டும்.

சனிக்கிழமை மாலையில், அந்தித் தொழுகைக்குப் பிறகு, மீரா சாகிபு மாடிக்கு ஏறி வந்தார். அவர் மாடிக்கு வருவதே அரிது. மகளுடைய புத்தகங்களுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, நீண்ட முன்னுரை சொன்னார். இத்தனை நாள் வருமானம் இன்றிப் படகு கிடந்தது. நாளைக்கு வருகிற பாடுதான் இந்த மாதத்துக்கே சோறு. தூத்துக்குடிக் கொள்முதல் மேலாளர் நேரில் வருகிறார். தரம் பிரிக்கும்போது ரிஃபானா நிற்காவிட்டால், பெரியதைச் சிறியதோடு கலந்து அடித்துக்கொண்டு போய்விடுவார். எடைக்குக் கம்பெனி வேலையாள் முத்துராஜ் இருக்கிறான். ஆனால் அவன் கை வேகத்துக்கு யாராவது எழுத வேண்டும்.

“ஒரு வருஷந்தானம்மா. பரிச்சை எங்கயும் ஓடிடாது. அடுத்த வருஷம் எழுதிக்க. அத்தாவே காரு வச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

“அடுத்த வருஷம் பரிச்சை எப்ப வரும் அத்தா?”

“எப்ப?”

“நவம்பர்ல. அடுத்த வருஷமும் நவம்பர்ல மழ பெய்யும். டோக்கன நிறுத்துவாக. பெறகு வெயில் அடிக்கும், போட்டு போகும், ஞாயித்துக்கெழம எறா குவியும். ஒங்களுக்கு நான் எந்த வருஷம் வேண்டாம்னு இப்பவே சொல்லிடுங்க. அந்த வருஷம் போயி எழுதுறேன்.”

மீரா சாகிபு கைலியின் மடிப்பைச் சரிசெய்தார். “சரி. போறதுன்னா ஒனக்குப் பதிலா ஒரு ஆள ஏற்பாடு பண்ணிக் குடுத்துட்டுப் போ” என்றார். தாம் பெரிதாக விட்டுக்கொடுத்துவிட்டதாக அவர் நினைத்தார். இந்த நாட்டில் பெண்கள் வெளியே கால் வைக்கும்போதெல்லாம் கேட்கப்படுகிற விலை இதுதான். சமைத்து வைத்துவிட்டுப் போ, துவைத்து வைத்துவிட்டுப் போ, உன் இடத்தில் ஒருத்தியை நிறுத்திவிட்டுப் போ.

“நீங்க கடலுக்குப் போன காலத்துல ஒங்களுக்குப் பதிலா ஒரு ஆள வச்சுட்டா போனீங்க? அம்மா பாத்துக்கிச்சு, இல்லையா? ஆள் ஏற்பாடு பண்றது என் வேல இல்ல அத்தா. கீழ ஷாகிர் படுத்துக் கெடக்கான்.”

“அவனுக்கு என்ன தெரியும்?”

“எனக்கும் ஒண்ணும் தெரியாது, மொத நாளு. நீங்க தராசுக்கு முன்னாடி கொண்டுபோயி நிறுத்துனீங்க. தெரிஞ்சுக்கிட்டேன்.”

கதவுக்கு வெளியே ரசியா பேகம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே வரவில்லை. கீழே இறங்கிச் சென்று, மகனின் கட்டிலுக்கு மேல் எரிந்த விளக்கை அணைத்தாள். காலையில் வெள்ளென எழ வேண்டும், தூங்கு என்று மட்டும் அவனிடம் சொன்னாள்.

விடியுமுன் ரிஃபானா புறப்பட்டாள். தாய் இடியாப்பமும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்தாள். தெருவில் ஊரே கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது: கூடை சுமந்த பெண்கள், மிதிவண்டிகள், ஐஸ் வண்டி, விளக்கை எரியவிட்டுக்கொண்டு சிறு சரக்கு வண்டிகள். அவர்கள் அனைவருக்கும் எதிரே அவள் ஒருத்தி மட்டும் கிழக்குக் கடற்கரைச் சாலையை நோக்கி நடந்தாள். தெரிந்தவர்கள் எல்லோரும் நிறுத்திக் கேட்டார்கள். மீன்பாடு இந்தப் பக்கம் அல்லவா, எங்கே அந்தப் பக்கம் போகிறாய்? திருச்சிக்குப் பரீட்சை எழுதப் போகிறேன் என்று ஒவ்வொருவரிடமும் குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். கடலில் இருக்கிறேன் என்ற பழைய வேடிக்கையை அவள் எடுக்கவில்லை. அன்று அவளுக்கு அது தேவைப்படவில்லை.

பேருந்து அறந்தாங்கியைத் தாண்டும்போது கைப்பேசி ஒலித்தது. மீரா சாகிபின் குரலுக்குப் பின்னால் துறைமுகமே கத்திக்கொண்டிருந்தது.

“ரிஃபானா, எறா மலையாட்டம் வந்து கெடக்கு. தூத்துக்குடிக்காரர் வந்துட்டாரு. போன தடவ என்ன ரேட்டுக்கு முடிச்ச? பெரிய எறாவுக்கும் சின்ன எறாவுக்கும் நடுவுல எங்கிட்டுக் கோடு போடுவ? ஷாகிர் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டான்.”

அவளுக்கு விடை நாவின் நுனியில் இருந்தது. ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அதைச் சொன்னால் அடுத்த வாக்கியம் கேட்கப்படும், அதன்பின் ஒன்று, புதுக்கோட்டை வரையிலும், திருச்சி வரையிலும், தேர்வுக் கூடத்தின் வாசல் வரையிலும் அவள் துறைமுகத்தில்தான் நின்றுகொண்டிருப்பாள்.

“தெரியும் அத்தா. ஆனா இன்னிக்கு என்னக் கேக்காதீங்க. நீங்க முப்பது வருஷமா எறா பாத்தவுக. அவரப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு நீங்களே பிரிங்க. நான் ஃபோன அணைக்கிறேன்.”

அணைத்தாள். சன்னலுக்கு வெளியே நீர் தேங்கிய வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முட்டையை உரித்துத் தின்றாள்.

தேர்வுக் கூடத்தில் அவளைச் சுற்றி இருந்தவர்கள் பெங்களூரைப் பற்றியும் சென்னையைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். கணினி ஒளிர்ந்தது. வாசிப்புப் பகுதி ஓரளவு கைகொடுத்தது. தருக்கப் பகுதி அவளைப் புரட்டி எடுத்தது. கணக்கில் மீண்டு வந்தாள். எத்தனை சரி, எத்தனை தவறு என்று அவளுக்கே தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். கடைசி நிமிடம் வரையில் ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை.

வீடு திரும்பியபோது இரவுச் சாப்பாட்டுக்குப் பாய் விரித்திருந்தது. ஷாகிர் மூன்று முறை குளித்தும் இறால் வாடை போகவில்லை என்று தாயிடம் முறையிட்டுக்கொண்டிருந்தான். வண்டி தாமதமாகப் போனதும், தரம் கலந்துபோய் விலை சற்றுக் குறைந்ததும் அவன் வாயாலேயே வெளிவந்தன. முத்துராஜ் தன்னை எல்லோர் முன்னும் ‘சார்’ என்று கூப்பிட்டுச் சிரித்ததுதான் அவனுக்குப் பெரிய காயம். மீரா சாகிபு சோற்றைப் பிசைந்தார். எழுதி முடிக்காத எடைச்சீட்டுகள் ஒரு கட்டாக ரிஃபானா வழக்கமாக உட்காரும் இடத்தில், அவளுக்காகவே வைத்தாற்போல், வைக்கப்பட்டிருந்தன.

கட்டுக்குப் பக்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்த மகளின் தட்டில் ரசியா பேகம் இறால் ஆணத்தை ஊற்றினாள். “எப்படி எழுதுன?”

“கணக்கு பரவால்ல. புதிர்ல நேரம் பத்தல.”

“கெடைச்சிடுமா?” என்றார் மீரா சாகிபு, தட்டைப் பார்த்தபடி.

“தெரியல அத்தா. கெடைக்கலன்னா அடுத்த வருஷமும் போவேன்.”

அவர் நெடுநேரம் மென்றார். பிறகு, ஜமாஅத்தில் தீர்ப்புச் சொல்லும் குரலில் சொன்னார்: “அப்படிப் போறதா இருந்தா, பரிச்சைக்கு மொத நாளு நம்ம போட்டக் கடலுக்கு விடாமக் கட்டிப் போட்டுடுவோம். ஒரு நாளுதான. போனாப் போகுது.”

டோக்கன் கிடைத்த நாளில் படகைக் கட்டிப்போடுவது என்பது அந்த ஊரில் மரண வீட்டார் மட்டுமே செய்வது. தந்தை தம்மால் இயன்ற மிகப் பெரிய ஒன்றைத் தருகிறார் என்பது ரிஃபானாவுக்குப் புரிந்தது. அதை வாங்கிக்கொண்டால் மறுபடியும் தன் நேரம் படகில்தான் கட்டப்பட்டிருக்கும் என்பதும் புரிந்தது.

“வேணாம் அத்தா. போட்டு போகட்டும்” என்றாள். “இன்னிக்குக் கொழப்புன மாதிரி இன்னும் பத்து ஞாயிறு ஷாகிர் கொழப்பட்டும். அதுக்குள்ள படிச்சுக்குவான்.”

“நானா?” என்றான் ஷாகிர். “எனக்கு விசா வந்துடும்.”

“வர்ற வரைக்கும்” என்றாள் ரசியா பேகம்.

மீரா சாகிபு மகனைப் பார்த்தார். மூன்று குளியலுக்குப் பிறகும் அவன் நெற்றியில் ஒட்டியிருந்த இறால் மீசை ஒன்றைப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். ரிஃபானா தன் இடத்தில் இருந்த எடைச்சீட்டுக் கட்டை எடுத்தாள். ஈரத்தைத் துடைத்து, தம்பியின் தட்டுக்கு அருகில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, தாயிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.